காலிப் படம்

டார்ச்ச அணைங்கடி. கரண்ட் எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாதாம். சார்ஜ் தீந்துச்சுன்னா அப்புறம் விடியிற வரைக்கும் தடவிக்கிட்டுக் கிடக்கணும். மூட்டை மேலயே உக்காருங்க, தரை ஜில்லுன்னு இருக்கு. சூப்பர்வைசர் வந்தா வரட்டும். மெஷின் ஓடாம நான் என்ன வாயாலயா சட்டை தைக்க முடியும்.

யாரு பேய்க் கதை கேட்டது? புதுசா? அதானே. வேலைக்குச் சேந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள கதை கேக்குது. சரி, சொல்றேன். ஆனா நடுவுல அய்யய்யோன்னு என் கையப் புடிச்சு நசுக்கினீங்க... நிறுத்திடுவேன். அண்ணி, நீங்க சிரிக்காதீங்க. போன தடவை நசுக்கினது நீங்கதான்.

இது யாரோ சொல்லி யாரோ கேட்டது இல்ல. என் சிநேகிதி இருக்காளே, பட்டனுக்குக் காஜா எடுக்கறவ, இன்னிக்கு லீவு... அவளோட கூடப் பொறந்த அக்காவுக்கு நடந்தது.

காலையில ஏழே கால் மணி. ஆமா, காலையிலதான். பேய் என்ன நம்மள மாதிரி நைட் ஷிஃப்ட்டா பாக்குது?

மழை. ஸ்கூலுக்குப் போற ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. பெல் அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அந்த ரோட்ல ஒரே ஒரு புள்ள மட்டும் நடந்து வருது. ரெண்டாங் கிளாஸ். வெள்ளைச் சட்டை, சாம்பல் கலர் ஸ்கர்ட், ரெட்டைச் சடை. குடை இல்ல. ஷூவுக்குள்ள தண்ணி போயி, எட்டு வைக்கும்போதெல்லாம் சளக்... சளக்...னு சத்தம். ஒரு சடையில ரிப்பன் அவுந்து எங்கயோ விழுந்துடுச்சு. அதுகூடத் தெரியல அதுக்கு. அன்னிக்கு ஸ்கூல்ல படம் புடிக்கற நாள். மொத ஆளாப் போயி உக்காந்துடணும்னு ஆசை.

படம் புடிக்க வந்திருந்தது என் சிநேகிதியோட அக்கா வீட்டுக்காரர். ஸ்டூடியோ வச்சிருக்காரு. ஊரே அவர 'ஆச்சா'ன்னுதான் கூப்புடும். எதுக்கெடுத்தாலும் ஆச்சா, ஆச்சான்னு பறப்பாரு. சோறு வெந்து இறக்கறதுக்குள்ள நாலு ஆச்சா. கல்யாணத்துல தாலி கட்டும்போதே ஆச்சான்னு கேட்டாருன்னு என் சிநேகிதி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இப்பச் சிரிக்கறதில்ல.

அவரு எடுக்கறது எப்படின்னா... பின்னாடி பச்சைத் துணி கட்டி, முன்னாடி ஸ்டூல் போட்டு, ஆள உக்கார வச்சு எடுப்பாரு. அப்புறம் கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைய மட்டும் எடுத்துட்டு வேற எதாவது வைக்கணும். கடல், மலை, பூந்தோட்டம், உங்களுக்கு என்ன வேணுமோ அது. அந்தப் பச்சைய எடுக்கற வேலைய பதினோரு வருஷமா அக்காதான் பாத்துக்கிட்டு இருந்தா. மவுஸப் புடிச்சுக்கிட்டு ஆளச் சுத்தி வெட்டி வெட்டி எடுக்கணும். மூக்கு, தோளு எல்லாம் சுலபம். முடிதான் கஷ்டம். ஒவ்வொரு இழையா, பச்சை ஒட்டாம எடுப்பா. ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கண்ணு ரெண்டும் பழமாச் சிவந்து போயிடும் அவளுக்கு.

ஆச்சாவுக்கு அது போதுமா? ஒரு ப்ரோக்ராம் வாங்கிட்டாரு. எல்லாம் தானா பண்ணுமாம். காலையில மொதல்ல, ஆளே இல்லாம, வெறும் துணியையும் ஸ்டூலையும் மட்டும் ஒரு படம் எடுத்து அதுக்குக் குடுக்கணும். காலிப் படம்னு சொல்வாங்க. அப்புறம் நாள் பூரா எடுக்கற ஒவ்வொரு படத்தையும் அது இந்தக் காலிப் படத்தோட வச்சுப் பாக்கும். ரெண்டுலயும் ஒரே மாதிரி எது இருக்கோ அது ஆளு இல்ல. அழிச்சிடும். எது புதுசா இருக்கோ அதுதான் ஆளு. வச்சுக்கும். புரிஞ்சுதா? காலிப் படத்துல இருக்கறது ஆளு இல்ல. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது. அத ஞாபகம் வச்சுக்கோங்க.

வாங்கின அன்னிக்கே அக்காகிட்டச் சொல்லிட்டாரு. "இனிமே உனக்கு வேலை இல்ல. போய்ப் படுத்துத் தூங்கு." நல்ல வார்த்தையாச் சொன்ன மாதிரித்தான் இருக்கும். சொன்ன மூஞ்சியப் பாத்தவளுக்குத்தான் தெரியும்.

சரி. ஸ்கூல் ஹால். அந்தப் புள்ள சளக் சளக்குன்னு உள்ள வந்துச்சு. கிளாஸ் டீச்சர் பாத்துட்டு, "இது சீக்கிரம் வந்துடுச்சு சார், இத உக்கார வச்சு லைட்டு பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆச்சா புள்ளையத் தூக்கி ஸ்டூல்ல வச்சாரு. தாடையப் புடிச்சு நேரா நிமித்தினாரு.

"அசையாத. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சே... உன் படம் மட்டும் வராது."

அந்த வார்த்தைய நல்லாக் கேட்டுக்கோங்க.

ரெண்டு லைட்டையும் தள்ளித் தள்ளி வச்சாரு. துணியில ஈரமும் சுருக்கமும் இருக்குன்னு டேபிள் ஃபேன முழுசா வச்சு அந்தப் பக்கம் திருப்பி விட்டாரு. அப்பதான் பாக்கறாரு, கேமராவுக்குப் போடற ஒரு வயரக் காணோம். வீட்லயே விட்டுட்டு வந்துட்டாரு. வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்தாரு. போற வழியில யாரோ கூப்புட, நின்னு ஒரு டீ வேற.

அம்பது நிமிஷம்.

அம்பது நிமிஷமும் அந்தப் புள்ள அந்த ஸ்டூல்லயே இருந்துச்சு. உடம்பு பூரா ஈரம். நேரா ஃபேன் காத்து. அவுந்த சடையில இருந்து சிமெண்ட் தரையில டொக்... டொக்...குன்னு தண்ணி சொட்டுது. நடுங்கினா அசைஞ்ச மாதிரி ஆயிடும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். தும்மல் வந்துச்சாம். அதையும் உள்ளயே அமுக்கிக்கிச்சாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, வரும்.

வந்தாரு. வயர மாட்டினாரு. ப்ரோக்ராம் காலிப் படம் குடுன்னு கேட்டுச்சு. அதுக்குள்ள பெல்லு அடிக்குது, வெளிய ஒண்ணாங் கிளாஸ் வரிசை கட்டி நிக்குது, மனுஷனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கண்ணு லேப்டாப் மேல, விரலு பட்டன் மேல. அமுக்கிட்டாரு.

அந்தப் புள்ள அங்கதான் இருக்கு. அவரு கண்ணுக்கு அது புள்ளையாத் தெரியல. அம்பது நிமிஷம் முன்னாடி அவரு வச்ச சாமான். லைட் ஸ்டாண்டு மாதிரி.

டீச்சர் வந்து, "ஆச்சா சார்?"னு கேட்டாங்க. இவரு லேப்டாப்பப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டினாரு. டீச்சர் லிஸ்ட்ல பேருக்கு நேரா டிக் அடிச்சாங்க. புள்ளையக் கையப் புடிச்சு எறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அது திரும்பித் திரும்பி அவரையே பாத்துக்கிட்டுப் போச்சு. அவரு 'ஆச்சு'ன்னு சொல்லவே இல்ல.

அன்னிக்கு எடுத்தது மொத்தம் தொள்ளாயிரத்துச் சொச்சம் புள்ளைங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ப்ரோக்ராம்ல போட்டு விட்டுட்டுப் படுத்துட்டாரு. பின்னாடி புஸ்தக அலமாரி வைக்கணும்னு ஸ்கூல்ல கேட்டிருந்தாங்க. எல்லாப் புள்ளைக்கும் ஒரே அலமாரி.

காலையில அக்காதான் மொதல்ல பாத்தா. பாத்தவளுக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எல்லாப் புள்ளைக்கும் உடம்பு இல்ல. யூனிஃபார்ம் எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம்தானே. வெள்ளையும் சாம்பலும் காலிப் படத்துலயும் இருக்கு, இதுலயும் இருக்கு, அப்ப அது ஆளு இல்ல... அழிச்சிடுச்சு. தலை மட்டும் அலமாரி முன்னாடி மெதக்குது. அந்தத் தலையிலயும் அங்கங்க ஓட்டை. கன்னத்துல, நெத்தியில, சடை தொங்கற இடத்துல. ஒரு புள்ளையா ரெண்டு புள்ளையா... தொள்ளாயிரம்.

ஆச்சா வாயில வந்ததெல்லாம் திட்டினாரு. ப்ரோக்ராம் வித்தவன, ஸ்கூல, மழைய. அக்கா... பதினோரு வருஷம் ஆளுங்க ஓரத்தையே பாத்துக்கிட்டு இருந்தவ இல்லையா... ஓட்டைய மட்டும் பாத்தா. ஒவ்வொரு படத்துலயும் ஓட்டை அதே எடத்துல இருக்கு. பத்துப் பதினஞ்சு படத்த ஒண்ணு மேல ஒண்ணா வச்சா. ஓட்டை எல்லாம் சேந்துச்சு. கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற ஒரு சின்னப் புள்ள.

காலிப் படத்தத் திறந்து பாத்தாங்க. அங்க இருக்கு. நனைஞ்சு, வெளுத்து, நேரா பாத்துக்கிட்டு.

"அழிச்சு விடு. துணியப் போட்டு மூடு. காலியாக்கிக் குடு, மறுபடி ஓட்டணும்"ன்னாரு.

அக்கா கேட்டா, "இந்தப் புள்ளைக்கு வேற படம் இருக்கா?"

"லிஸ்ட்ல டிக் இருக்கு. இருக்கும். ஆச்சா?"

அக்கா அழிச்சா. நெத்தியில ஈரமா ஒட்டின முடி மொதக்கொண்டு அழிச்சு, பச்சைய இழுத்து மூடினா. அவரு அதே பேர்லயே அது மேலயே சேவ் பண்ணிட்டாரு. பழசு போச்சு. மறுபடி ஓட்டினாங்க. எல்லாம் அருமையா வந்துச்சு. எண்ணிப் பாத்தா ஒரு படம் குறையுது. ஆச்சா லிஸ்ட எடுத்தாரு, அந்தப் பேருக்கு நேரா இருந்த டிக்க அழிச்சுட்டு 'வரவில்லை'ன்னு எழுதினாரு. வேலை முடிஞ்சுது.

புதுசு, தள்ளி உக்காருடி, மூச்சு முட்டுது.

அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு சாயங்காலமே காய்ச்சல். நெஞ்சுல சளி எறங்கிடுச்சு. எட்டாம் நாள் போயிடுச்சு.

இவங்களுக்குத் தெரியாது. ஸ்டூடியோவுல வேலை பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்கு. ஒரு மாசம் கழிச்சு, மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு, ஒரு பொம்பளை வந்தாங்க. ஆஸ்பத்திரியில தரை துடைக்கற வேலை. டியூட்டி முடிஞ்சு நேரா வந்திருக்காங்க, மேல ஃபினாயில் வாடை. கையில பட்டன் ஃபோனு. அதுல படம் எடுக்க முடியாது. வீட்ல அந்தப் புள்ள கைக்குழந்தையா இருந்த படம் ஒண்ணுதான் இருக்காம், அதுலயும் கண்ணு மூடித் தூங்குதாம்.

"ஸ்கூல்ல எடுத்தீங்களே சார், அந்தப் படம் ஒண்ணு மட்டும் வேணும்."

ஆச்சா லிஸ்டக் காட்டினாரு. "அன்னிக்கு உங்க பொண்ணு வரவே இல்லையேம்மா."

"வந்தா சார். வந்து எங்கிட்டச் சொன்னாளே. அங்கிள் அசையாதன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு, நான் அசையவே இல்லம்மா, தும்மல் வந்துச்சு, அதக்கூட அடக்கிட்டேன்னு. அவ்வளவு பெருமையாச் சொன்னா. காய்ச்சல்ல கிடக்கும்போது அதேதான் கேட்டா. அம்மா, அங்கிள் இன்னும் ஆச்சுன்னு சொல்லலையே, நான் எந்திரிச்சது தப்பாம்மா, என் படம் வராதாம்மான்னு."

ஆச்சா என்ன சொன்னாருன்னு நினைக்கறீங்க? "சின்னப் புள்ளைங்க ஆயிரம் சொல்லும்"னாரு. அதாண்டி. அவ்வளவுதான் சொன்னாரு. அக்கா திரைக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. வாயத் திறக்கல. பின்னாடி என் சிநேகிதிகிட்ட சொல்லி அழுதிருக்கா. என்னைக் கேட்டா, அவரு பண்ணதவிட அது பெரிய பாவம். பெத்த தாயி, ஒரே ஒரு படம், புள்ள மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்னு வந்து நிக்கறா. அந்தம்மா நம்பர ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க. எங்கயாச்சும் கிடைச்சா சொல்லுங்கன்னு.

மறுநாள் காலையில ஒரு குடும்பம் படம் எடுக்க வந்துச்சு. ஆச்சா வழக்கம் போல மொதல்ல காலிப் படம் எடுத்தாரு. ஸ்டூல் காலி. நல்லாக் கண்ணாலப் பாத்துட்டுத்தான் அமுக்கினாரு. ஸ்கிரீன்ல பாத்தா...

ஸ்டூல்ல உக்காந்திருக்கு.

ரெட்டைச் சடை, ஒண்ணுல ரிப்பன் இல்ல. கையக் கட்டிக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு.

அழிச்சுட்டு மறுபடி எடுத்தாரு. இருக்கு. கேமராவ மாத்தினாரு. இருக்கு. துணிய மாத்தினாரு, ஸ்டூல மாத்தினாரு, ரூமையே மாத்தினாரு. எங்க காலிப் படம் எடுத்தாலும் இருக்கு. கண்ணுக்குத் தெரியறது ஸ்டூலுக்கு அடியில உள்ள ஈரம் மட்டும்தான். துடைச்சா கொஞ்ச நேரத்துல மறுபடி வரும். டொக்... டொக்... நனைஞ்ச யூனிஃபார்ம் வாடை. அப்பப்ப, அமுக்கின தும்மல் மாதிரி, க்ச்... ஒரு சின்னச் சத்தம். ப்ரோக்ராமுக்கு என்ன தெரியும். வர்ற ஆளுங்களுக்கெல்லாம் நெஞ்சுல வயித்துல ஓட்டை போட்டுப் போட்டுக் குடுத்துச்சு. ஸ்டூடியோவுக்கு ஆளு வர்றது நின்னு போச்சு.

ஆச்சா அந்த ஸ்டூலு கிட்டயே போறதில்ல. ஆனா அக்காவுக்குப் பயமே இல்லையாம். அவ வேற ஒண்ண நினைச்சா. படம் வந்துடுச்சே. அந்தம்மா கேட்ட படம் இதானே.

அவருக்குத் தெரியாம பதினேழு காலிப் படத்த எடுத்து வச்சுக்கிட்டா. அதுல நல்லதா ஒண்ணு பாத்து, ப்ரோக்ராம் இல்லாம, கையால வெட்ட ஆரம்பிச்சா. மூணு நாள். ஈரத்துல ஒட்டின ஒவ்வொரு முடியையும் தனித்தனியா எடுத்தா. இந்தப் புள்ளைய மொதத் தடவ இதே கையாலதானே அழிச்சா, அதனால இழையெல்லாம் அவளுக்குப் பழக்கமா இருந்துச்சாம். பின்னாடி அந்த அலமாரிய வச்சா. அவ்வளவு அழகா வந்துச்சாம், பதினோரு வருஷத்துல அப்படி ஒரு படம் பண்ணதில்லன்னு சொன்னா. துண்டுச் சீட்டப் பாத்து ஃபோனப் போட்டா. "பாப்பா படம் கிடைச்சுடுச்சு, வாங்க"ன்னா. அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டுச்சு. நாளைக்கு டியூட்டி முடிஞ்சதும் வந்துடறேன்னு சொன்னாங்க.

அந்த நாளைக்கு... காலையில. அக்கா கடைக்குப் போயிருக்கா. ஆச்சா ஸ்டூடியோவுல தனியா. அவருக்கு இந்த ஃபோன் விஷயம் தெரியாது. ஸ்டூலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. டொக்... டொக்... அவருக்குத் தாங்கல. அந்தப் புள்ள எதுக்குக் காத்துக்கிட்டு இருக்குன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அவங்க அம்மாதான் சொல்லிட்டாங்களே. எந்திரிச்சுக் கத்தினாரு.

"ஆச்சு. போதும். எந்திரிச்சுப் போய்த் தொலை."

சத்தம் நின்னுச்சு. ஸ்டூல் கிரீச்சுன்னுச்சு. அப்புறம் தரையில... சளக்... சளக்... சின்னச் சின்ன ஈரக் கால்தடம். கதவுப் பக்கம் போகும்னு பாத்தா, அந்தப் பக்கம் போகல. பச்சைத் துணியப் பாத்துப் போச்சு. துணி கிட்டப் போயி... அதோட நின்னுடுச்சு. திரும்பி வந்த தடம் இல்ல.

ஆச்சா உடனே ஒரு காலிப் படம் எடுத்தாரு. காலி. சுத்தமா, பளிச்சுன்னு காலி. மனுஷன் சிரிச்சாராம்.

ரெண்டே முக்காலுக்கு அந்தம்மா வந்தாங்க. புதுசா ஒரு கண்ணாடி ஃப்ரேம் வாங்கிக்கிட்டு வந்திருந்தாங்க. அக்கா அவங்கள உக்கார வச்சு, படத்தத் திறந்து, ஸ்கிரீன அவங்க பக்கம் திருப்பினா. அலமாரி. வெறும் அலமாரி. பதறிப் போயி, எடுத்து வச்சிருந்த பதினேழையும் திறந்தா. ஸ்டூலு, துணி. ஸ்டூலு, துணி. எல்லாம் காலி. மூணு நாள் வெட்டினது அங்க இல்ல. அசைஞ்சா படம் வராதுன்னு அவருதானே சொன்னாரு.

அந்தம்மா எந்திரிச்சு வந்தாங்க. ஸ்டூலத் தொட்டுப் பாத்தாங்க. ஈரமா இருந்துச்சு. அந்தக் கைய மூக்குக்கிட்டக் கொண்டு போனாங்க. ஃப்ரேம எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் எதுக்கு இந்த இருட்டுல உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கப் போறேன்.

ஒரு வாரம் கழிச்சு ஸ்கூல் அம்மாங்க வாட்ஸப் குரூப்புல ஒருத்தி போட்டா, "எங்க புள்ள படத்துல பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருக்கு, உங்களுக்கும் இருக்கா?" எல்லாரும் போய் அவங்கவங்க வீட்டுப் படத்தப் பாத்தாங்க. இருக்கு. எல்லார் வீட்லயும் இருக்கு. பச்சைத் துணிக்குள்ள போனவ இங்க வந்து நிக்கறா. அலமாரிக்கு முன்னாடி, நம்ம புள்ளைக்கு நேர் பின்னாடி. ஒரு பக்கம் சட்டைக் கை, ஒரு பக்கம் சடை. ரிப்பன் இல்லாத சடை. மூஞ்சி தெரியாது. நம்ம புள்ள தலை மறைச்சுக்கிட்டு இருக்கும். எந்த வீட்ல பாத்தாலும் அப்படித்தான். ஸ்டூடியோவுல அலமாரிய மட்டும் தனியாத் திறந்தா ஒண்ணும் இல்ல. அக்கா ஒரு படத்துல முன்னாடி இருந்த புள்ளைய வெட்டி எடுத்துப் பாத்தா, பின்னாடி ஓட்டைதான்.

தொள்ளாயிரம் வீட்ல இருக்கா. அவ வீட்ல மட்டும் படம் இல்ல.

விஷயம் அந்தம்மா காதுக்குப் போகாம இருக்குமா? வீடு வீடா வர ஆரம்பிச்சாங்க. வாசல்ல நின்னு கேப்பாங்க, "உங்க புள்ளைய வெட்டி எடுத்துக்கோங்க, மீதிய எனக்குக் குடுங்க." எந்தத் தாயி குடுப்பா, சொல்லுங்க. பெத்த புள்ள படத்தக் கத்தரியால வெட்டுவாளா? எல்லாரும் கதவச் சாத்தினாங்க. குரூப்புல திட்டினாங்க. போலீஸ்ல சொல்லணும்னு எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான்.

ஆமாடி. என் பையனும் அதே ஸ்கூலு. அந்தப் படம் எங்க வீட்லயும் இருக்கு. நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல. அண்ணி, நீங்ககூட நல்லா இருக்குன்னு சொன்னீங்க.

போன செவ்வாக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாங்க. ரெண்டே முக்கால். படம் வேணாம், ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. என்ன இருந்தாலும் பெத்தவ. உள்ள விட்டேன். ரெண்டு மணிக்கே ஸ்கூல் விட்டுடும், பையன் உள் ரூம்ல நாற்காலியில உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான். நான் தண்ணி எடுக்கத் திரும்பினேன். அந்தம்மா படத்துக்கு முன்னாடி நின்னு, கழுத்த இப்படி ஒரு பக்கமாச் சாச்சு, என் பையனுக்குப் பின்னாடி எட்டிப் பாக்கற மாதிரி... ரொம்பத் தன்மையா, கெஞ்சற மாதிரிச் சொன்னாங்க.

"கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு. பாப்பாவப் பாக்கணும்."

படத்துல இருக்கறவனத்தான் சொன்னாங்க. உள் ரூம்ல நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. கிரீச்...

"இன்னும் கொஞ்சம்."

கிரீச்...

நான் ஓடிப் போய்ப் பாத்தேன். பையன் சுவத்தோட ஒட்டி உக்காந்திருக்கான். ஏண்டா நகந்தேன்னா, "நானா?"ங்கறான். திரும்பி வந்து படத்தப் பாத்தேன். நடுவுல இருந்தவன் ஒரு விரக்கடை தள்ளி இருக்கான். அவன் காதுக்குப் பக்கத்துல இன்னொரு காது. கொஞ்சம் கன்னம். அந்தம்மா மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. மீதிய நாளைக்குப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

புதன்கிழமை நான் கதவத் திறக்கல. வாசல்ல நின்னே சொன்னாங்க. கிரீச்... வியாழக்கிழமை பையன ஸ்கூல்ல இருந்து எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். நாலு தெரு தள்ளி. சரியா ரெண்டே முக்காலுக்கு, நின்னுக்கிட்டு இருந்தவன் தானா ஒரு எட்டு பக்கவாட்டுல வச்சான். படத்தக் கிழிச்சுப் போடலாம். கையில எடுத்துட்டேன். கிழிச்சா அவனுக்கு என்ன ஆகும்? யாராச்சும் எனக்குச் சொல்லுங்க. ஆச்சாகிட்ட போய்க் கேட்டேன். கதவச் சாத்திட்டாரு, நான் சாத்தின மாதிரி.

இப்ப அவன் எங்க நின்னாலும் பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டுத்தான் நிக்கறான். கட்டில்ல ஓரமாப் படுக்கறான், நடுவுல இழுத்துப் போட்டாலும் விடியறதுக்குள்ள ஓரத்துல கிடக்கறான். நேத்து சாப்புடும்போது பாத்தேன், ஒரு பக்கம் உடம்பு... எப்படிச் சொல்றது... வெளுத்த மாதிரி. கூப்பிட்டா ரெண்டு தடவைக்கு ஒரு தடவதான் காதுல விழுது.

ஷிஃப்டுக்குக் கெளம்பும்போது படத்தப் பாத்துட்டுத்தான் வந்தேன். அந்தப் புள்ள மூஞ்சி முக்காவாசி தெரியுது. நல்ல மூஞ்சி. இன்னும் ஒரு கண்ணுதான் மறைஞ்சிருக்கு. அசையாம, நேரா பாத்துக்கிட்டு இருக்கு.

என் பையன் ஓரத்துல இருக்கான். ஒரு தோளு மட்டும் தெரியுது. நாளைக்கு ரெண்டே முக்காலுக்கு அவங்க வர்றாங்க.